பட்டாவுக்கு வந்த நிவாரணம் பயிருக்கு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர் 19 அன்று கோவைக்கு வந்த பிரதமர், நிலமுள்ள விவசாயிகளின் வங்கிக் கணக்கில் தவணைக்கு 2,000 ரூபாய் போடும் பி.எம். கிசான் திட்டத்தின் 21-ஆவது தவணையை விடுவித்தார் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்த மாலையே இந்தக் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். முடிக்கத்தான் நாளாயிற்று. எழுத வேண்டியவற்றில் பாதி என் மேல் நானே வைக்கும் குற்றச்சாட்டு என்பதால் பேனா அடிக்கடி நின்றுவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் விவசாயிகளுக்கென்று அரசு கொடுத்த பணம் யார் கைக்குப் போயிற்று, யார் கைக்குப் போகவில்லை என்பதைப் பற்றியது இது. ஐந்து ஆண்டு கழித்து இதை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அன்று பிழையாக இருந்த அதே பதிவேட்டை வைத்துக்கொண்டுதான் இன்று விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதால் கேட்கிறேன்.

நான் சேலம் மாவட்டத்தில் 30 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்து 2014-இல் ஓய்வு பெற்றவன். பனமரத்துப்பட்டிப் பக்கம் என் மனைவியின் பெயரில், அவருடைய தகப்பனார் எழுதிவைத்த ஒரு ஏக்கர் இருபது சென்ட் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் உழவு தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் 2012 முதல் அதைக் குத்தகைக்கு ஓட்டி வருகிறார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். முக்கால் ஏக்கரில் அரளியும், மிச்சத்தில் பருவத்துக்குத் தகுந்தபடி நிலக்கடலையோ சின்ன வெங்காயமோ போடுவார். எங்கள் வட்டாரத்தில் அரளி என்பது வெறும் வேலியோரச் செடி அன்று. குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிர். விடியலுக்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டாகப் பறித்து, சாக்கில் கட்டிச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டால், அன்றைய கூலி போக அன்றைய செலவுக்குக் காசு வந்துவிடும். வெயில் ஏற ஏற அரளி கொட்டும். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களும் முகூர்த்தங்களும் அதே நேரத்தில் வருவதால், அந்த இரண்டு மாத வரும்படியை நம்பித்தான் ஆண்டுக் குத்தகையே பேசப்படும்.

2020-இல் அந்த இரண்டு மாதங்கள்தான் போயின. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை, கல்யாணங்கள் தள்ளிப்போயின, பூ மண்டி அடைத்துக் கிடந்தது. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகரில் முழு ஊரடங்கு வந்தபோது பூவைப் பற்றிப் பேசவே ஆளில்லை. தக்காளி விற்காவிட்டால் மாட்டுக்காவது போடலாம், முட்டைக்கோசு விற்காவிட்டால் ஆட்டையாவது மேய விடலாம். அரளியில் அதுவும் முடியாது. இலை, பூ, தண்டு எல்லாம் நஞ்சு. ஆடு பக்கத்திலேயே வராது. பறிக்காமல் விட்டால் மொட்டு செடியிலேயே விரிந்து, காய்ந்து, காய் பிடித்து, அடுத்த பூ வருவதையும் கெடுக்கும். ஆகவே விற்பனையே இல்லாத பூவைப் பறிப்பதற்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சித்திரையில் ஒரு நாள் நான் வயலுக்குப் போனபோது, குத்தகைதாரரும் அவர் மனைவியும் கை முழுக்கப் பால் பிசுபிசுக்க மொட்டுகளைப் பறித்து வாய்க்காலோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இளஞ்சிவப்பாக ஒரு வண்டிச் சுமை இருக்கும். பக்கத்து வயல்களிலும் அதே நிறத்தில் குவியல்கள்.

அதே ஏப்ரலில்தான் என் மனைவியின் வங்கிக் கணக்கில் 2,000 ரூபாய் வரவு வந்தது.

அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். விவசாயிகளுக்கு அதில் இருந்தது, ஏற்கெனவே நடப்பிலிருந்த பி.எம். கிசான் திட்டத்தின் ஒரு தவணையை ஏப்ரலிலேயே 8.7 கோடிப் பேருக்கு முன்கூட்டிக் கொடுப்பது. புதிய பணம் இல்லை. கிடைக்க வேண்டிய பணம் சற்று விரைவாகக் கிடைத்தது. அதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன், கையில் காசு ஓடாத மாதத்தில் 2,000 ரூபாய் பெரிய தொகைதான். ஆனால் அந்தத் திட்டம் 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதைப் பார்க்கிறதே தவிர, நிலத்தில் யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. குத்தகைதாரருக்கு அதில் இடமே கிடையாது. கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுபவருக்கும் இடம் கிடையாது.

விதியின்படி என் மனைவிக்கும் இடம் கிடையாது. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவரின் குடும்பம் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். 2019-இல் பட்டாதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் படிவம் வாங்கியபோது நான் வெளியூரில் இருந்தேன். நீட்டிய இடத்தில் மனைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உறுதிமொழியைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஊரெல்லாம் ஏப்ரல் தவணையைப் பற்றிப் பேசியபோதுதான் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். முதல் தவணையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அந்த 2,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய்க் குத்தகைதாரரிடம் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார். “பட்டாவுக்குத்தானுங்க அய்யா பணம் வந்திருக்குது, பயிருக்கு வரலீங்களே” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, இருந்ததை இருந்தபடி சொன்னார். அந்த ஆண்டுக் குத்தகையில் பாதியைத் தள்ளிக் கொடுத்தேன். அதையும் பெருந்தன்மைக் கணக்கில் எழுத வேண்டாம், கேட்டிருந்தாலும் வந்திருக்காது. தவறு ஏப்ரலில் தெரிந்திருந்தும் தவணையை நிறுத்தச் சொல்லி நான் உடனே எழுதவில்லை. ஆகஸ்டில் வந்ததும் கணக்கிலேயே கிடந்தது. அக்டோபரில்தான் ஆறு தவணைப் பணம் 12,000 ரூபாயை வரைவோலையாக எடுத்துத் திருப்பிக் கட்டினேன். அப்படிக் கட்டியதும் மாநிலம் முழுக்கச் சோதனை தொடங்கிய பிறகுதான்.

அந்தச் சோதனையின் பின்னணி வாசகர்களுக்கு நினைவிருக்கும். பட்டியலில் தகுதியற்றவர்கள் கூட்டமாகச் சேர்க்கப்பட்டிருந்தது 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. செப்டம்பரில், அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி, தமிழ்நாட்டில் சுமார் 5.5 லட்சம் பேர் முறைகேடாகச் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிருப்பதாகத் தெரிவித்தார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூரோடு சேலமும் அந்த மாவட்டங்களின் வரிசையில் இருந்தது. விசாரணை சிபிசிஐடி வசம் போயிற்று. அதுவரையில் 18 பேர் கைது, 80 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கம், 34 அலுவலர்கள் பணியிடைநீக்கம். விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்ற வசதி வந்த பின், ஒப்புதல் தர வேண்டிய அலுவலரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரகர்களுக்குப் போய்விட்டதே இத்தனைக்கும் வழி.

இதில் பணம் பெற்ற எல்லோரையும் மோசடிக்காரர் என்று எழுதிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், விசைத்தறியில் தார் சுற்றும் வேலை செய்பவர். தறி நின்று வருமானம் இல்லாத நேரத்தில், ஒரு கணினி மையத்தில் “மோடி கொரோனா பணம் தருகிறார், ஆதாரையும் பாஸ்புக்கையும் கொண்டு வா” என்றார்கள். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தார்கள். சென்ட் நிலம்கூட இல்லாதவர். 2,000 ரூபாய் வந்ததும் அவர் அதைக் கொரோனா நிவாரணம் என்றேதான் நம்பினார். பிறகு கணக்கை முடக்கிப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, தான் விவசாயி என்று பதியப்பட்டிருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் பெயருக்கு எதிரே எந்தப் புல எண்ணைப் போட்டு ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. திருப்பிக் கட்டச் சொன்ன கையோடு, வேலையிழந்த நெசவுத் தொழிலாளியான அவருக்கு உரிய உதவி எது என்றாவது ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு மாநில அரசு கொடுத்த 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாயும் எங்கள் குத்தகைதாரருக்கும் கிடைத்தன, தார் சுற்றும் அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தன. டோக்கனை வீட்டிலேயே கொடுத்தார்கள், பணத்தை ரேஷன் கடையில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு ஆட்சியிலும் அந்த வேலை ஒழுங்காக நடந்தது. அங்கே யாரும் சிட்டா கேட்கவில்லை. ஆனால் அது பசிக்குக் கொடுத்த பணம். பயிரில் போட்டு இழந்த முதலுக்குக் கொடுத்ததாக அதைக் கணக்குக் காட்ட முடியாது.

பயிரில் போட்ட முதலைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன். கோவிட் தொற்றை அறிவிக்கப்பட்ட பேரிடராகக் கருதி, மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து செலவிடலாம் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 14 அன்றே உத்தரவிட்டது. பேரிடர் என்றால் கிராமக் கணக்கில் என்ன நடக்கும் என்பது எனக்குப் பாடம். சூறைக்காற்றில் வாழை சாய்ந்தால் நானும் வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரும் சேர்ந்து வயலுக்குப் போவோம், சாய்ந்த மரத்தை எண்ணுவோம், பாதிக்கு மேல் சேதம் என்றால் புல எண், பரப்பு, பயிர், சாகுபடியாளர் பெயர் எழுதிக் கையெழுத்திடுவோம். 2020-இல் நடப்பிலிருந்த விதிப்படி 33 விழுக்காட்டுச் சேதமே போதும், பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய். ஆனால் அந்த ஆண்டு அப்படி யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் எழுத எதுவும் இருந்திருக்காது. செடி பச்சைப்பசேல் என்று நின்றது, பூத்துக் குலுங்கியது. காற்றோ வெள்ளமோ பூச்சியோ தொடாத பயிர் ஓர் அரசாணையால் குப்பைக்குப் போனால், அதைச் சேதம் என்று எழுத எங்கள் பதிவேட்டில் பத்தி கிடையாது. ஊரடங்கு தேவையாக இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்காக ஒருவனுடைய விற்பனையை நிறுத்திவைத்தால், நிறுத்திவைத்தவர்கள் அந்த நட்டத்தில் பங்கேற்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. என் மகள் அமெரிக்காவில், மக்காச்சோளமும் பன்றிப்பண்ணையும் நிறைந்த ஒரு கிராமப்புறக் கவுண்டியில் இருக்கிறாள். கவுண்டி என்பது நம் வட்டம் போல ஒன்று. அங்கே 2020 ஏப்ரல் 17 அன்று விவசாயிகளுக்காக 1,900 கோடி டாலர் திட்டத்தை வேளாண் துறை அறிவித்தது. அதில் 1,600 கோடி நேரடிப் பணம். மே 26 முதல் கவுண்டிகளில் இருக்கும் வேளாண் சேவை அலுவலகங்களில் விண்ணப்பம் வாங்கினார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் எந்தெந்த விளைபொருளின் விலை 5 விழுக்காடோ அதற்கு மேலோ விழுந்தது என்று பார்த்துப் பட்டியல் போட்டார்கள். நிலம் யாருடையது என்பது முதல் கேள்வியாக இல்லை. விளைபொருளின் லாப நட்டத்தில் பங்கு இருப்பவர் யாரோ அவருக்குப் பணம். குத்தகைக்கு ஓட்டுபவரும் அதில் அடக்கம். கொய்மலர்கள் முதலில் பட்டியலில் இல்லை. முறையிட்ட பிறகு ஆகஸ்டில் சேர்த்தார்கள். பூவும் ஒரு விளைபொருள்தான் என்பதை அங்கே ஏற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று, இங்கே இன்னும் ஆகவில்லை என்று மகளிடம் சொன்னேன்.

அந்தத் திட்டத்தை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. ஒருவருக்கு 2.5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம், கூட்டு நிறுவனமானால் அதன் மூன்று மடங்கு வரை போகலாம் என்றால், பெரிய பண்ணைகளே பெரும்பகுதியை அள்ளும் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் கோழியைக் கூலிக்கு வளர்த்துக் கொடுப்பவர்கள், கோழி தங்களுடையது இல்லை என்ற காரணத்தால் முதல் சுற்றில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கும் நம்மவர்களுக்கு அந்தக் கதை புதிதாக இருக்காது. நான் அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றைத்தான்: விளைந்தது என்ன, விலை எவ்வளவு விழுந்தது, நட்டம் யாருடையது என்று கேட்ட அந்தக் கேள்வி வரிசை.

நம்மிடம் அதற்குரிய கருவி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடங்கல் இருக்கிறது. கிராமக் கணக்கு எண் 2 என்ற அந்தப் பதிவேட்டில், ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரையான வருவாய் ஆண்டிலும், எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்று எழுத வேண்டும். ஒழுங்காக எழுதியிருந்தால், 1429-ஆம் பசலி (2019-20) அடங்கலைப் புரட்டி, பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி போட்டவர்கள் இன்னார் என்று ஒரு வாரத்தில் பட்டியல் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் எங்கள் நிலத்துக்கு நேரே யார் பெயர் வந்திருக்கும்? என் மனைவியின் பெயர்தான். அந்த மண்ணில் ஒரு நாளும் மண்வெட்டி பிடிக்காத அவர் பெயருக்கு எதிரே சாகுபடி என்று இருக்கிறது.

நான் குறை சொல்வது எனக்குப் பின் வந்த அலுவலரை இல்லை. நானும் 30 ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். குத்தகைதாரர் பெயரை இரண்டாம் நம்பரில் ஏற்றினால் 1955-ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி அவரை எழுப்ப முடியாமல் போய்விடும் என்று நிலக்காரர்கள் பயப்படுவார்கள். பெயரை எழுதுகிறேன் என்று நான் சொன்னால் ராத்திரியே குத்தகைதாரர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்: “எழுதிடாதீங்க சார், அப்புறம் அடுத்த வருசம் ஓட்ட விட மாட்டாங்க.” இரண்டு பக்கமும் வேண்டாம் என்கிறபோது நமக்கென்ன என்று, பட்டாதாரர் பெயரையே சாகுபடிப் பத்தியிலும் எழுதிவிட்டுப் போவது சுலபம். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யவே 1969-இல் தனிச்சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போடச் சொல்லி என் பணிக்காலத்தில் நான் யாரையும் ஊக்கப்படுத்தியதில்லை. வீட்டு நிலம் என்று வந்தபோது, 2012-இல் வாய்ப்பேச்சே போதும் என்று முடித்ததும் நான்தான். அதனுடைய விலை 2020-இல் தெரிந்தது. அதற்கடுத்த ஆண்டும் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாகி 16.43 லட்சம் பேர் பயன்பெற்றபோது, சிட்டாவும் அடங்கலும் தன் பெயரில் இல்லாததால் சங்கத்தில் கடனே வாங்க முடியாத எங்கள் குத்தகைதாரர், பூ மண்டியில் வாங்கிய முன்பணத்தைப் பைசா குறையாமல் பூவாகக் கழித்துக்கொண்டிருந்தார்.

குத்தகை நிலத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று இதை நினைத்துவிடக் கூடாது. பணியின் நடுவில் ஐந்து ஆண்டுகள் ஏற்காடு வட்டத்தில் இருந்தேன். சேர்வராயன் மலையில் நாகலூர், வேலக்கடை, செம்மநத்தம் பக்கம் மலைவாழ் மக்கள் சொந்த மண்ணில்தான் பாடுபடுகிறார்கள். காப்பிச் செடி, நிழல் மரத்தில் ஏறிய மிளகு, நாலு பலா, சரிவில் கொஞ்சம் சாமை. ஆனால் பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய் 40 வருடம் ஆகியிருக்கும். பேரன்மார் ஏழு பேர் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு சரிவில் இருப்பார்கள். வாரிசுச் சான்று, உட்பிரிவு, அளவை என்று இறங்கினால் மலைக்கும் அடிவாரத்துக்கும் நடையாக நடக்க வேண்டும். அப்படியும் பாடுபட்டுப் பாகப்பிரிவினைப் பட்டா வாங்கியவர்களுக்கு, 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு பெயர் மாறிய நிலம் செல்லாது, இறப்பினால் வந்த வாரிசுரிமை மட்டுமே விதிவிலக்கு என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. உயிரோடு இருக்கும் தகப்பன் மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மகன்களுக்கு இல்லை, செத்த பிறகு கிடைத்தால் உண்டு என்பதை ஒரு மலைக்கிராமத்துப் பெரியவரிடம் நான் விளக்க முயன்றேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, அதற்காகச் சாக முடியாது என்றார்.

பட்டா சரியாக இருந்து பணம் வந்தவர்களுக்கும் அந்த ஏப்ரல் சுலபமாக இல்லை. வங்கி ஏற்காடு டவுனில் இருக்கிறது, பேருந்து ஓடவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், 2,000 ரூபாயை எடுக்க வாடகை ஆட்டோவுக்குக் கொடுக்க மனமில்லாமல் போகவர ஒரு முழு நாள் நடந்தார். மிளகைக் காயவைத்து மூட்டை கட்டி வீட்டில் வைத்திருந்தார். வாங்கும் வியாபாரி சேலத்திலிருந்து மேலே வர வழியில்லை. அந்த மே மாதம் கோடை விழாவும் இல்லை, சாலையோரம் பலாச்சுளை விற்கச் சுற்றுலாக் கூட்டமும் இல்லை. இந்த நட்டத்தில் எதையும் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது நடப்பதற்கு வருகிறேன். தனித்துவ அடையாள எண் பெறாவிட்டால் இனி எந்த வேளாண் திட்டத்திலும் சேர முடியாது என்று முகாம் போட்டுச் சொல்கிறார்கள். ஆதாரோடும் கைப்பேசி எண்ணோடும் நில ஆவணத்தை இணைத்து எண் கொடுக்கிறார்கள். போலிகளைத் தடுக்க இது உதவும், அதை மறுக்க மாட்டேன். தார் சுற்றும் பெண்ணை இனி யாரும் விவசாயி ஆக்க முடியாது. ஆனால் எங்கள் குத்தகைதாரரையும் அந்த முறையால் விவசாயி ஆக்க முடியவில்லை. அவர் போன முகாமில் பட்டா கேட்டார்கள், இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செத்த தாத்தாவின் பெயரில் பட்டா வைத்திருக்கும் மலைக்காரரும் அப்படியே திரும்பினார். நாளை இன்னொரு தொற்றோ வெள்ளமோ வந்து, இந்த எண்ணை வைத்துப் பணம் கொடுத்தால், பட்டியலில் போலி குறைந்திருக்கும், விட்டுப்போனவர்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள்.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள், அடங்கலின் சாகுபடிப் பத்தியை வயலில் நின்று எழுத வேண்டும் என்பது. மின்னணு முறையில் பயிரைப் படம் பிடித்துக் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டோம். அதே வேளையில் அதைப் பயிரிட்டவர் யார் என்று வயலிலேயே கேட்டு, பக்கத்து வயல்காரர் இருவரைச் சாட்சியாக வைத்துப் பதிந்துகொள்ள முடியாதா? அந்தப் பதிவு நிவாரணத்துக்கும் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் மட்டுமே சான்று, நிலத்தின் மேல் உரிமைக்குச் சான்று ஆகாது என்று ஓர் அரசாணையில் தெளிவாக எழுதிவிட்டால், நிலக்காரர்களின் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தை இது பலவீனப்படுத்தும் என்று விவசாயச் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 56 ஆண்டுகளாக அந்தச் சட்டத்தைப் பெரும்பாலோர் தொடாமலே கிடக்கிறது என்பதை, தொடாமல் விட்டவர்களில் ஒருவனாக நான் அறிவேன். மலையைப் பொறுத்தவரை, ஏற்காட்டில் மாதம் ஒரு ஊராட்சி என்று முறை வைத்து, வாரிசுச் சான்றும் உட்பிரிவும் பட்டா மாறுதலும் ஒரே இடத்தில் முடிகிறபடி அலுவலர்கள் மேலே போய் முகாமிட்டால், இரண்டு மூன்று பசலிக்குள் பாதிக் குடும்பங்களின் சிக்கல் தீரும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்திலாவது, அந்த ஊரில் விவசாயி என்று பணம் பெறுகிறவர்கள் பட்டியலை முழுதாக வாசிக்கட்டும். 2019-இல் அப்படி வாசித்திருந்தால், என் மனைவியின் பெயர் வந்ததும் கூட்டத்தில் நாலு பேராவது சிரித்திருப்பார்கள், நானும் 12,000 ரூபாய் வரைக்கும் காத்திருந்திருக்க மாட்டேன்.

விலை விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி இப்போதே எழுதிவைக்கப்பட வேண்டும். அரசு உத்தரவால் சந்தை மூடப்பட்டு விளைபொருள் விற்காமல் போனால் அதையும் பேரிடர்ச் சேதமாகக் கணக்கிட, பயிராய்வுப் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். எக்டேருக்கு எவ்வளவு என்பதைத் தோட்டக்கலைத் துறையும் வேளாண் விற்பனைத் துறையும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். பூவும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

என் வீட்டு வேலையை நான் தொடங்கிவிட்டேன். சென்ற வாரம், இந்த 1435-ஆம் பசலி அடங்கலில் சாகுபடியாளர் பெயரைக் குத்தகைதாரர் பெயராக எழுத ஆட்சேபணை இல்லை என்று என் மனைவி கையெழுத்திட்ட கடிதத்துடன் அவரைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பினேன். கூடவே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன். நிலக்காரர்களே இப்படிக் கடிதம் கொடுத்து இதுவரை பார்த்ததில்லை, மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார் அலுவலர். கடிதத்தை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்திருக்கிறார். அரளி இப்போது பனியில் குறைவாகப் பூக்கிறது. தையில் கவாத்துச் செய்யப்போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
பனமரத்துப்பட்டி வட்டாரம், சேலம் மாவட்டம்.